இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே இங்கிலாந்தின் கீழ் டிவிஷன்களில் ஆடிய கால்பந்து வீரர்களில் யாரை மறக்கக் கூடாது?

ஜாக் லெஸ்லி. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் வேறு பெயரே எனக்குத் தோன்றவில்லை.

1901-ல் லண்டனின் கேனிங் டவுனில் பிறந்தவர். அப்பா ஜமைக்காக்காரர், அம்மா ஆங்கிலேயப் பெண். பாய்லர் கட்டும் தொழில் கற்றவர். பார்க்கிங் டவுன் என்ற சிறிய அணியில் கோல்களைக் குவித்து, 1921-ல் பிளிமத் ஆர்கைல் அணிக்குப் போனார். அது ஆடியது மூன்றாம் டிவிஷன் தெற்கில்.

கீழ் டிவிஷன் என்றதும் மட்டமான ஆட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது அந்தப் பிரிவில் முதலிடம் பிடிக்கும் ஒரே அணிதான் மேல் டிவிஷனுக்குப் போக முடியும். ஆர்கைல் 1921-22 தொடங்கி 1926-27 வரை ஆறு சீசனும் இரண்டாம் இடம்! முதல் தடவை சவுத்தாம்ப்டனும் அவர்களும் ஒரே புள்ளிகள். கோல் சராசரியில், அதாவது போட்ட கோல்களை வாங்கிய கோல்களால் வகுத்த கணக்கில், கைநழுவியது. 1929-30-ல்தான் சாம்பியனாகி மேலே ஏறினார்கள். இடதுபுறம் சாமி பிளாக்கும் லெஸ்லியும் சேர்ந்து ஆடிய ஜோடியைத் தடுக்க எதிரணிகள் திண்டாடின.

1925-ல் ஒருநாள் மேனேஜர் பாப் ஜேக் அவரைக் கூப்பிட்டு, இங்கிலாந்து அணிக்கு உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றார். மூன்றாம் டிவிஷன் ஆட்டக்காரருக்கு அப்படி ஓர் அழைப்பு வருவது அபூர்வம். ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. சில நாட்களில் அந்தப் பேச்சு அப்படியே அடங்கிப்போனது. கடைசிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. யாரும் காரணம் சொல்லவில்லை. தேர்வாளர்கள் தன் ஆட்டத்தைப் பார்க்க வரவில்லை, முகத்தைப் பார்க்கத்தான் வந்தார்கள் என்று கேள்விப்பட்டதாகப் பிற்காலத்தில் ஒரு பேட்டியில் சொன்னார். அவர் ஆடியிருக்க வேண்டிய அந்த ஆட்டத்தில், அக்டோபர் 24 அன்று பெல்ஃபாஸ்ட்டில் அயர்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து ஒரு கோல்கூடப் போடாமல் டிரா செய்தது. அதே நாளில் போர்ன்மத்தை ஆர்கைல் 7-2 என்று வென்றது. அதில் இரண்டு கோல் லெஸ்லி போட்டது. இந்த இரண்டு ஸ்கோரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

அதன் பிறகும் அவர் ஆர்கைலை விட்டுப் போகவில்லை. கேப்டனாகவும் இருந்தார். கிட்டத்தட்ட 400 ஆட்டங்கள், 137 கோல்கள். வெளியூர் மைதானங்களில் நிறத்தைச் சொல்லி ஏசுவார்கள். அதையும் தாங்கிக்கொண்டு ஆடினார். அந்தக் காலத்துத் தோல் பந்தில் கயிறு வெளியே தெரியும். அது கண்ணில் பட்ட காயம்தான் அவர் ஆட்டத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. மறுபடி பாய்லர் வேலைக்கே போனார்.

வயதான பிறகு வெஸ்ட் ஹாம் கிளப்பின் பூட் அறையில் வேலை பார்த்தார். 1966-ல் உலகக் கோப்பை வென்ற பாபி மூர், ஜெஃப் ஹர்ஸ்ட் ஆகியோரின் பூட்ஸைச் சுத்தம் செய்தவர் அவர். இங்கிலாந்து சட்டை போட வேண்டிய மனிதர்!

1978-ல் விவ் ஆண்டர்சன் இங்கிலாந்து சீனியர் அணியில் முதல் கறுப்பின வீரராக இறங்கினார். லெஸ்லி அழைக்கப்பட்டு 53 வருஷம் கழித்து. 1988-ல் லெஸ்லி இறந்தார். ரசிகர்கள் நன்கொடை திரட்டி, 2022-ல் ஆர்கைலின் ஹோம் பார்க் மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்தார்கள். 2023-ல் இங்கிலாந்து கால்பந்து சங்கம் நாட்டுக்காக ஆடுபவர்களுக்குத் தரும் தொப்பியை, கௌரவமாக அவருடைய குடும்பத்திடம் கொடுத்தது.