வக்கீல் விளம்பரத்தைப் பார்த்து ஊசியை நிறுத்தலாமா?

தம்பி, நியூ ஜெர்சிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, சர்க்கரைக்கு டாக்டர் ஓசெம்பிக் ஊசி எழுதியிருக்கிறார் என்கிறீர்கள். டிவியைப் போட்டாலோ, அதே ஊசியால் வயிறு கெட்டுப்போனவர்கள் உடனே கூப்பிடுங்கள் என்று வக்கீல்கள். அவ்வளவு மோசமான மருந்தை டாக்டர் ஏன் எழுதுகிறார், விசாவில் இருப்பவன் வழக்குப் போட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டாக்டரைக் கேட்காமல் ஊசியை நிறுத்தாதீர்கள். அந்த விளம்பரம் வழக்குப் போட ஆள் பிடிக்கும் விளம்பரம், அவ்வளவுதான். இந்தியாவில் வக்கீல்கள் விளம்பரம் செய்யவே கூடாது என்பதால், புதிதாக வருகிற நமக்கு அது ஏதோ அரசாங்க எச்சரிக்கை மாதிரி தெரிகிறது.

இங்கே மருந்து வழக்குகளில் பெரும்பாலும் எழும் கேள்வி, ஆபத்து தெரிந்தும் கம்பெனி லேபிளில் சொல்லாமல் விட்டதா என்பதுதான். மருந்தே கூடாது என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆக்டோஸை எடுத்துக்கொள்ளுங்கள், நம் ஊர் பயோகிளிட்டசோன் சர்க்கரை மாத்திரைதான் அது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அபாயத்தை மறைத்ததாக நடந்த வழக்கில், 2014ல் லூசியானா ஜூரி அதை விற்ற டகேடா, எலி லில்லி கம்பெனிகளுக்குச் சேர்த்து 900 கோடி டாலர் தண்டம் போட்டது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. அதே வருடம் நீதிபதி அதைச் சுமார் 3.7 கோடியாகக் குறைத்தது எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்த வருடம் சுமார் 9,000 வழக்குகளை முடித்துக்கொள்ள 240 கோடி டாலர் வரை தர டகேடா சம்மதித்தது, தப்பு செய்ததாக மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. மாத்திரை இன்றும் இங்கே ஃபார்மசியில் எச்சரிக்கையோடு கிடைக்கிறது. இந்தியாவும் 2013 ஜூனில் அதை நிறுத்திவைத்து, ஜூலை கடைசியிலேயே எச்சரிக்கை வாசகத்தோடு மறுபடி அனுமதித்தது.

ஓசெம்பிக் வகை ஊசி வழக்குகள் 2024லிருந்து பிலடெல்பியா ஃபெடரல் கோர்ட்டில் ஒரே நீதிபதியிடம் இருக்கின்றன. இரைப்பை வேலை செய்யாமல் போவது, குடல் அடைப்பு, இவைதான் முக்கியப் புகார்கள். எல்லாம் ஒரே இடத்தில் விசாரணைக்கு வந்தாலும் ஒவ்வொருவர் வழக்கும் தனித்தனி. வாந்தி வந்தது என்று சொன்னால் போதாது. இரைப்பை வேலை செய்யவில்லை என்று வழக்குப் போடுகிறவர்களுக்கு, அது எவ்வளவு வேகத்தில் காலியாகிறது என்று அளக்கும் பரிசோதனை முடிவு வேண்டும் என்று 2025ல் நீதிபதி கேரன் மார்ஸ்டன் சொல்லிவிட்டார். ஆரம்பத்தில் குமட்டல் பலருக்கும் வரும், லேபிளிலேயே போட்டிருக்கிறது. ஆனால் வாந்தி நிற்காமல் போனாலோ வயிற்றுவலி கடுமையாக இருந்தாலோ, செலவை யோசித்து வீட்டில் படுத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள்.

சரி, விசா. சிவில் வழக்குப் போட குடியுரிமை தேவையில்லை. முன்பணமும் கேட்க மாட்டார்கள், ஜெயித்தால் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு போல வக்கீலுக்கு, வழக்குச் செலவைத் தனியாகக் கழிப்பார்கள். நியூ ஜெர்சியில் உடல் பாதிப்பு வழக்குக்குப் பொதுவாக 2 வருடக் கெடு. இப்போதைக்கு மருந்துப் பெட்டி லேபிள், ஃபார்மசி ரசீது, டாக்டர் குறிப்பு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பாதிப்பு எதுவும் இல்லாமல் அந்த விளம்பர நம்பரை மட்டும் கூப்பிடாதீர்கள். எடுத்துப் பேசுகிறவர் பெரும்பாலும் வக்கீலாகவே இருக்க மாட்டார், அப்புறம் உங்கள் போன் ஓயவும் ஓயாது.