16,500 ரூபாய்க்கு ரோல்ப்ளே கேம் புக், அதுவும் இஎம்ஐ-ல... வாங்கலாமா?

கேள்வி: அக்கா, வணக்கம். வயசு 25, சோழிங்கநல்லூர்ல சப்போர்ட் வேலை, கைக்கு 31,000 வருது. வேளச்சேரில ரூம் ஷேர், வீட்டுக்கு அனுப்புறது, சாப்பாடு எல்லாம் போக மாசம் 6,000 நிக்கும். அதுல 1,000 ஆர்டி போகுது, இதுவரைக்கும் 14,000 சேர்ந்திருக்கு. கிரெடிட் கார்டுல 22,000 பாக்கி இருக்கு, மினிமம் 1,100 தவறாம கட்டிட்டு வர்றேன். ஃப்ரெண்ட்ஸ் அஞ்சு பேர் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஒருத்தர் கதையை நடத்த, மத்தவங்க ஆளுக்கொரு கேரக்டரா டைஸ் உருட்டி ஆடுற கேம்) ஆடலாம்னு இருக்கோம், யாருக்கும் முன்ன பின்ன பழக்கம் இல்ல, நான்தான் நடத்தப்போறேன். மூணு மெயின் புக் 12,000, ஸ்டார்டர் பாக்ஸ் 3,200, டைஸும் மேட்டும் 1,300, மொத்தம் 16,500. 6 மாசம் நோ காஸ்ட் இஎம்ஐ காட்டுது, மாசம் 2,750தான். இல்லைன்னா ஆபீஸ் சீனியர் ஒருத்தர் அந்த மூணுல ஒண்ணான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கோட பழைய 2014 எடிஷனை 1,200க்கு தர்றேங்கிறார். எது பெஸ்ட்?

பதில்: தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்க வேணாம், ஆனா கேமை வர்ற ஞாயித்துக்கிழமையே ஆரம்பிச்சிடுங்க. ரெண்டும் ஒண்ணா முடியுமான்னா நல்லாவே முடியும், ஏன்னா இந்த விளையாட்டுல புக்கு வாங்கினாதான் ஆட முடியும்னு ஒண்ணும் இல்ல. எங்க வீட்லயும் இது நடக்குது, அண்ணன் பசங்களோட நானும் உக்காருவேன், அதனால வீண் செலவு, விட்டுத்தள்ளுங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். அஞ்சு பேர் போனை ஓரமா வச்சுட்டு மூணு மணி நேரம் சேர்ந்து கதை சொல்றதுங்கிறது நம்ம ஊர்ல இப்ப எவ்ளோ அபூர்வம்னு எனக்குத் தெரியும்.

முதல்ல கார்டு விஷயம், இதுதான் எனக்கு வயித்தைக் கலக்குது. மாசம் மூணரை பர்சென்ட் வட்டின்னு வச்சுக்குவோம், நிறைய கார்டுல இந்த ரேஞ்சுதான், உங்க ஸ்டேட்மென்ட்ல கரெக்டா எவ்ளோன்னு போட்டிருப்பான் பாருங்க. 22,000க்கு வட்டி 770, அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி 139, ஆக 909. நீங்க கட்டுற 1,100ல 909 அப்படியே போயிடுது, அசல்ல கழியுறது வெறும் 191 ரூபா. தவறாம கட்டுறீங்க, நல்ல பழக்கம்தான், ஆனா கடன் இருந்த இடத்துலயே நிக்குது. இன்னொரு பக்கம் ஆர்டி வருஷத்துக்கு ஆறு ஏழு பர்சென்ட் தருது, கார்டு வருஷத்துக்கு 42 பர்சென்ட்டுக்கு மேல பிடுங்குது. அந்த ஆர்டியை இந்த வாரமே மூடிடுங்க, முன்னாடியே மூடுறதுக்கு வட்டில கொஞ்சம் குறைப்பான், குறைக்கட்டும். 14,000ஐ தூக்கி கார்டுல போட்டா பாக்கி 8,000 சொச்சம், அடுத்த ரெண்டு மாசம் மிச்சமாகுற 6,000ஐ முழுசா அதுலயே கட்டினீங்கன்னா கணக்கு ஜீரோ. அது வரைக்கும் அந்த கார்டை எதுக்கும் தேய்க்காதீங்க, ஏன்னா பாக்கி இருக்கிற கார்டுல புதுசா வாங்குறதுக்கு வட்டியில்லாத நாள் எல்லாம் கிடையாது, தேய்ச்ச அன்னைக்கே மீட்டர் ஓட ஆரம்பிச்சிடும். கைல சேமிப்பே இல்லாம போயிடுமேன்னு பயமா இருக்கும், புரியுது, ஆனா மூணாவது மாசத்துல இருந்து மறுபடி ஆர்டி ஆரம்பிக்கலாம், 1,000 இல்ல 2,000மே போடலாம்.

நோ காஸ்ட் இஎம்ஐ பத்தி ரெண்டு வார்த்தை. ஜீரோ பர்சென்ட் வட்டி ஸ்கீம் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2013லயே சொல்லிடுச்சு, அதனால வட்டி உள்ள இருக்கத்தான் செய்யும், அதே அளவுக்கு விலைல கழிச்சு காட்டுவாங்க, அவ்ளோதான். அந்த வட்டி மேல ஜிஎஸ்டி உங்க தலைல, பிராசசிங் ஃபீ ஒரு 199னு வச்சா அதுக்கும் ஜிஎஸ்டி, 16,500க்கு எப்படியும் 350 ரூபா கூட வரும். அது பெரிய காசு இல்ல, ஆனா மாசம் 2,750 இதுல மாட்டிக்கிட்டா 22,000 அடையுறது எப்போ?

இப்ப விளையாட்டுக்கு வருவோம். நீங்க ஆன்லைன்ல வாங்கப் பாக்குற மூணு புக்கும் 2024 எடிஷன்னா ஒவ்வொண்ணும் 384 பக்கம், மூணும் சேர்ந்தா 1,152 பக்கம். ஒருத்தரும் இதுவரைக்கும் ஆடாத குரூப்புக்கு இது எதுக்கு? பிளேயர்ஸ் ஹேண்ட்புக் கேரக்டர் உருவாக்கவும் மந்திரங்கள் பார்க்கவும், டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு நடத்துறவங்களுக்கு, மான்ஸ்டர் மேனுவல் பூதம் பிசாசு லிஸ்ட். அடிப்படை ரூல்ஸை கம்பெனியே ஃப்ரீயா கொடுக்குது, பேசிக் ரூல்ஸ்னு பிடிஎஃப், 2014 ரூல்ஸ்ல உள்ளது, நாலு வகை ஹீரோ, லெவல் 1ல இருந்து 20 வரைக்கும் ஆடலாம். அது போக 2023 ஜனவரில ரூல்ஸோட மெயின் பகுதியை யார் வேணா ஃப்ரீயா எடுத்துக்கலாம்ங்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்லயே வெளியிட்டாங்க, அதனால திருட்டு பிடிஎஃப் தேட வேண்டிய அவசியமே கிடையாது. ஆடுற நாலு பேருக்கு கேரக்டர் ஷீட்டும் தேவையான சில பக்கமும் மட்டும் திருவல்லிக்கேணி பக்கம் காலேஜ் பசங்க போற ஜெராக்ஸ் கடைல பிரிண்ட் போட்டுக்குங்க, நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். டைஸுக்கு போன் ஆப் போதும்.

உள்ள நடக்குறது இவ்ளோதான்: உங்க ஃப்ரெண்ட் ஒருத்தன் சுவரேறி குதிக்கிறேங்கிறான், நீங்க மனசுல கஷ்டம் 15னு வச்சுக்குறீங்க, அவன் இருபது பக்க டைஸை உருட்டுறான், 12 விழுது, அவன் கேரக்டரோட திறமைக்கு ப்ளஸ் 3 இருக்கு, கூட்டினா 15, குதிச்சிட்டான். 11 விழுந்திருந்தா நாய் குரைச்சிருக்கும், காவலாளி முழிச்சிருப்பான், கதை வேற பக்கம் போயிருக்கும். இதை தமிழ்லயே ஆடுங்க, இங்கிலீஷ்ல ஆடணும்னு எந்த சட்டமும் இல்ல, தமிழ்ல பேசினாதான் கூச்சம் போயி எல்லாரும் வாயைத் திறப்பாங்க.

ராஜா, டிராகன், வாள் இதெல்லாம் உங்க குரூப்புக்கு ஒட்டலைன்னா வேற கேம் பாருங்க, இங்கதான் நிறைய பேர் அவசரப்பட்டு காசை விடுறாங்க. பேய்க்கதை பிடிக்கும்னா கால் ஆஃப் கத்துலு, அதுக்கு குவிக் ஸ்டார்ட் பிடிஎஃப் ஃப்ரீ, கூடவே ஒரு முழு கதையும் இருக்கு, 1920ல பாஸ்டன்ல ஒரு பேய் வீடு. அந்த வீட்டை அப்படியே தூக்கி 1920 ராயபுரத்துல வைங்க, டிராம் ஓடுற மெட்ராஸ், ஹார்பர் வாசனை, பழைய பங்களா, ராத்திரி யாருக்கும் தூக்கம் வராது. டன்ஜன்ஸ் மாதிரியே இன்னொரு கேம் பாத்ஃபைண்டர், அதோட ரூல்ஸ் ஆர்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் சைட்ல முழுக்க ஃப்ரீ, கம்பெனி அனுமதியோட போடுறது, ஆனா கணக்கு வழக்கு ஜாஸ்தி, முதல் கேமா வேணாம்ங்கிறது என் அபிப்பிராயம். நாலு பேர் வர முடியாத வாரம் தனியா ஆடணும்னா அயர்ன்ஸ்வார்ன் இருக்கு, அதுவும் ஃப்ரீ பிடிஎஃப்.

ரெண்டு மாசம் இப்படி ஓட்டுங்க. கார்டு ஜீரோ ஆச்சு, அஞ்சு பேரும் இன்னமும் வர்றாங்கன்னா மூணாவது மாசம் கைக்காசு கொடுத்து ஒரே ஒரு ஸ்டார்டர் பாக்ஸ் வாங்குங்க. 2022ல வந்த டிராகன்ஸ் ஆஃப் ஸ்டார்ம்ரெக் ஐல் மாதிரி பாக்ஸ்ல 32 பக்க ரூல் புக், ஒரு கதை, ரெடியா அஞ்சு கேரக்டர், டைஸ் எல்லாம் உள்ளயே இருக்கு, தனியா 1,300க்கு டைஸும் மேட்டும் தேவையே படாது. மான்ஸ்டர் மேனுவல் எல்லாம் அந்தக் கதை முடிஞ்ச பிறகு யோசிக்கலாம். இன்னொண்ணு, அஞ்சு பேரும் ஷேர் போட்டு புக்கு வாங்காதீங்க, நாளைக்கு ஒருத்தன் பெங்களூருக்கு மாறிட்டா அது யார் புக்குன்னு மனஸ்தாபம் வரும். நடத்துற ஆள் நீங்க, புக்கு உங்க காசுல உங்க பேர்ல இருக்கட்டும், ஜெராக்ஸ், டீ, பஜ்ஜி செலவை மத்த நாலு பேர் பாத்துக்கட்டும்.

வெளிநாட்டுல இருந்து நேரா வரவழைக்கிற ஐடியா இருந்தா வேணாம். அமெரிக்கால ஒரு புக் 49.99 டாலர், அதுவே 4,000 ரூபாயைத் தாண்டுது, மேல ஷிப்பிங், வெளிநாட்டு பேமென்ட்டுக்கு கார்டுகாரன் கூட்டுற மார்க்கப் ரெண்டு மூணு பர்சென்ட், 2019 பட்ஜெட்ல இறக்குமதி புக்குக்கு போட்ட 5% சுங்க வரி, கூரியர்காரன் கிளியரன்ஸ் சார்ஜ் வேற. இங்க புக்குக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால இங்கயே வாங்குறதுதான் லாபம். லஸ் கார்னர், பைகிராஃப்ட்ஸ் ரோடு பழைய புக் கடைகள்ல கண்ணுல பட்டா எடுத்துக்குங்க, இதுக்குன்னே அலையாதீங்க. ஆன்லைன்ல விலை பாதிக்கும் கீழ இருந்தா போட்டோகாப்பி பிரிண்டா இருக்க வாய்ப்பிருக்கு, வாங்கவே வேணாம்.

கடைசியா சீனியரோட 1,200 ரூபா புக். நல்ல விலைதான், உங்க லிஸ்ட்ல அர்த்தமுள்ள டீல் அது ஒண்ணுதான். ஆனா 2014, 2024 ரெண்டுக்கும் அட்டைல ஒரே பேர், உள்ள ரூல்ஸ் மாறியிருக்கு, அதனால உள்ள வருஷத்தைப் பாத்துட்டு டேபிள்ல எல்லாரும் ஒரே ரூல்ஸ்ல இருக்கிற மாதிரி பாத்துக்குங்க. நீங்க எடுக்கப்போற ஃப்ரீ பேசிக் ரூல்ஸும் 2014தான், ரெண்டும் ஒத்துப்போகும். வாங்குறப்போ நடுவுல விரிச்சுப் பாருங்க, தையல் விட்டு பக்கம் கழண்டு வருதான்னு. ரெண்டு மாசம் எனக்காக எடுத்து வைக்க முடியுமா சார்னு கேளுங்க, சரின்னா மூணாவது மாசம் பாக்ஸுக்கு பதிலா இதையே வாங்கிக்கலாம், முடியாது இப்பவே வேணும்னா விட்டுடுங்க, 2014 புக் செகண்ட் ஹேண்ட்ல திரும்ப கிடைக்கும்.