பழைய 20 மி.கி. மாத்திரையைக் கொடுக்கலாமா?

"அப்பாவுக்குச் சிறுநீரக மாற்று அறுவை ஆகி நான்கு மாதம். முன்பு கொழுப்புக்கு ரோசுவாஸ்டாடின் 20 மி.கி. போட்டார், டாக்டர் இப்போது 5 மி.கி. ஆக்கிவிட்டார். பழைய அட்டை மிச்சம் இருக்கிறது. புதுச் சிறுநீரகத்தை உடல் ஒதுக்காமல் இருக்கத் தரும் சைக்ளோஸ்போரின் போட்டு நாலு மணி நேரம் விட்டு அதைக் கொடுக்கலாமா?" என்று ஒரு வாசகி கேட்கிறார்.

வேண்டாம் அம்மா. அந்த அட்டையை இன்றே அப்புறப்படுத்துங்கள். எத்தனை மணி நேரம் விட்டாலும் தீராது. சிக்கல் கல்லீரல் செல்லின் வாசலில் இருக்கிறது.

ரோசுவாஸ்டாடின் ரத்தத்தில் எதிர்மின் சுமையோடு திரியும் கரிமப் பொருள். கல்லீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவரில் சல்லடைக்கண் போல ஓட்டைகள் உண்டு. அதனால் ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டே செல்லின் ஓரம் வரை வந்துவிடும். ஆனால் செல்லின் உறை கொழுப்பால் ஆனது, மின்சுமை உள்ளதை லேசில் விடாது. உறையில் பதிந்திருக்கும் கடத்திப் புரதங்கள்தான், முக்கியமாக ஓ.ஏ.டி.பி. 1பி1, ஆல்புமினிலிருந்து கழன்ற மருந்தைப் பிடித்து உள்ளே இறக்குகின்றன.

இந்த வேலை எவ்வளவு வேகமாக நடக்கும்? அந்தக் காலத்தில் கல்லீரலைச் சோதிக்க, இதே வாசல் வழியாக நுழையும் புரோம்சல்பலீன் என்ற சாயத்தைக் கிலோவுக்கு 5 மி.கி. வீதம் ஊசியில் ஏற்றுவார்கள். 45 நிமிடம் கழித்து எடுத்த சீரத்தில் காரம் சேர்த்தால் மிஞ்சிய சாயம் ஊதாவாகத் தெரியும். நல்ல கல்லீரல் என்றால் 5 சதவீதம்கூட மிஞ்சாது.

சைக்ளோஸ்போரின் இந்த வாசலை அடைக்கிறது. ரத்தத்தில் ரோசுவாஸ்டாடின் சுமார் 7 மடங்கு ஏறும். அதாவது 5 மி.கி. போட்டாலே 35 போட்ட கணக்கு. 20 போட்டால் 140. இந்த மருந்தின் உச்ச அளவே 40தான். சைக்ளோஸ்போரினை 12 மணிக்கொரு முறை போடுவதால் அது ரத்தத்தில் எப்போதும் இருக்கும். ரோசுவாஸ்டாடின் பாதியாகவே சுமார் 19 மணி நேரம் பிடிக்கும். இடைவெளி விட இடமே இல்லை.

எனக்குப் பயம் தசையைப் பற்றித்தான். ரோசுவாஸ்டாடின் மிகுந்து தசை சிதைந்தால் அதிலிருந்து வரும் மயோகுளோபின் என்ற புரதம், பாடுபட்டுப் பெற்ற புதுச் சிறுநீரகத்தையே கெடுக்கும். தொடையிலோ தோளிலோ காரணமில்லாத வலி, படியேற முடியாத தளர்ச்சி, கட்டன் டீ நிறத்தில் சிறுநீர், இதில் எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் போய், தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே., சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகிய ரத்தப் பரிசோதனைகளைப் பாருங்கள். சைக்ளோஸ்போரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

5 மி.கி.யில் கொழுப்பு குறையவில்லை என்றால் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், டாக்டர் வேறு வழி பார்ப்பார். சளி, இருமலுக்கு வேறு டாக்டரிடம் போனாலும் மருந்துச் சீட்டைக் கொண்டுபோங்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தால் அது சைக்ளோஸ்போரின் அளவையும் ஏற்றிவிடும்.