பணத்தைக் கொண்டுசேர்க்க யாருடைய கப்பலும் தேவையில்லை

கேள்வி: நாங்கள் மூன்று நண்பர்கள், ஈவ் ஆன்லைன் என்னும் விண்வெளி விளையாட்டைக் கட்டணமில்லாத ஆல்ஃபா கணக்குகளில் ஆடுகிறோம். ஒருவர் இரண்டு மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டார். ஒரே வீட்டில் இருக்கும் மற்ற இருவரும் போன வாரம்தான் சேர்ந்தோம். அரட்டையில் அறிமுகமான ஒருவர், தம்முடைய கார்ப்பரேஷன் (வீரர்கள் சேர்ந்து நடத்தும் குழு) காவல்படை இல்லாத நல்-செக் பகுதியில் இருப்பதாகவும் எங்கள் மூவரையும் சேர்த்துக்கொள்வதாகவும் சொல்கிறார். வழி ஆபத்தானது என்பதால், எங்கள் கப்பல்களையும் கையிலிருக்கும் ஏறத்தாழ 6 கோடி இஸ்க் என்னும் விளையாட்டுப் பணத்தையும் முதலில் அவரிடம் ஒப்படைத்தால் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பாராம். நம்பலாமா? பிந்தி வந்த இருவரும் மூத்தவரோடு சேர்ந்து ஆடுவதில் பொருள் உண்டா?

பதில்: ஒப்படைக்காதீர்கள். பேச்சு நடந்துகொண்டிருந்தால் இப்போதே நிறுத்திவிடுங்கள். இஸ்க் என்பது எந்தக் கப்பலிலும் ஏற்றப்படும் சரக்கு அல்ல. அது உங்கள் கதாபாத்திரத்தின் கணக்கில் உள்ள ஓர் எண். நீங்கள் ஜிட்டா சந்தையில் நின்றாலும் நல்-செக்கின் கடைக்கோடி நிலையத்தில் நின்றாலும் அதே தொகை அப்படியே உங்கள் பணப்பையில் இருக்கும். திறன் புள்ளிகளும் அப்படித்தான். இடம்விட்டு இடம் கொண்டுபோக வேண்டியவை கப்பல், பீரங்கி, தாது போன்ற பொருள்கள் மட்டுமே. ஆகவே பணத்தைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கிறேன் என்று ஒருவர் சொன்ன கணத்திலேயே அவர் யாரென்பது தெரிந்துவிட்டது. அதற்குமேல் விசாரணை தேவையில்லை.

புதியவர்களைப் பழக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். இந்த ஒரே தந்திரம் சற்றும் மாறாமல் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்துப் பார்த்து மனம் கசந்துவிட்டது. முதல் நாள் அவர் அன்பாகப் பேசுவார். உங்களுக்கு என்ன பிடிக்கும், எந்த நேரத்தில் விளையாடுவீர்கள் என்று கேட்பார். பெயர்பெற்ற ஒரு கூட்டணியின் பெயரைச் சொல்வார். ஆனால் அவருடைய பெயரை அழுத்தித் தகவல் பக்கத்தைத் திறந்து, அதில் பணி வரலாற்றைப் பார்த்தால் அந்தக் கூட்டணியின் சுவடே இருக்காது. இரண்டாம் நாள் அவசரம் வரும். சரக்குக் கப்பல் இன்னும் 20 நிமிடத்தில் கிளம்புகிறது, அடுத்தது கிளம்ப ஒரு வாரம் ஆகும் என்பார். நீங்கள் பதறிப்போய் ஒப்பந்தச் சாளரத்தைத் திறந்து, கப்பல்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, அவருடைய பெயரை இட்டு, உங்களுக்கு வர வேண்டிய தொகை என்ற கட்டத்தில் சுழியத்தை விட்டு அனுப்புவீர்கள். அவர் ஏற்றுக்கொண்ட பிறகு அரட்டையில் நீங்கள் எழுதுவது எதுவும் அவரைச் சென்றடையாது, ஏனெனில் அதற்குள் உங்களைத் தடைப்பட்டியலில் சேர்த்திருப்பார்.

உதவி மையத்துக்கு முறையிட்டால் பொருள் திரும்பி வருமா என்றால், வராது. 2003 மே மாதத்தில் தொடங்கிய நாளிலிருந்து, விளையாட்டுக்குள் நடக்கும் ஏமாற்றை விளையாட்டின் ஒரு பகுதியாகவே இதன் விதிகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. வளர்ந்தவர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் சூழ்ச்சிக்கு அந்த விதி பொருந்தலாம். 2016 நவம்பரில் கதவை அகலத் திறந்து, காசில்லாமல் வாருங்கள் என்று அழைத்த பிறகும் அதே விதியை வைத்துக்கொண்டு, முதல் வாரத்திலேயே ஒருவர் கையிலிருந்த எல்லாவற்றையும் இழந்து நிற்கும்போது இதுவும் ஒரு பாடம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. புதியவர்கள் தொடங்கும் சில விண்மண்டலங்களில் மட்டும் அவர்களைத் தொந்தரவு செய்வதற்குத் தடை இருக்கிறது. அந்த மண்டலங்களின் பட்டியலோ உதவிப் பக்கம் ஒன்றில் இருக்கிறது. முதல் வாரத்தில் உதவிப் பக்கத்தைத் தேடிப் படிப்பவர்கள் எத்தனை பேர்?

உண்மையிலேயே பொருள்களை இடம் மாற்ற வேண்டியிருந்தால் என்ன செய்வது? அதற்கு முறையான வழி ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அரைகுறையாகப் புரிந்துகொண்டால் அதுவே இன்னொரு பொறியாகிவிடும். ஒப்பந்த வகைகளில் கூரியர் என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் பொருள்களைத் தேர்ந்தெடுத்து, சேர வேண்டிய நிலையம், கூலி, எத்தனை நாளில் சேர்க்க வேண்டும் என்பவற்றோடு பிணைத்தொகையையும் குறிப்பிடுகிறீர்கள். ஒப்பந்தத்தை எடுப்பவர் அந்தப் பிணைத்தொகையை முன்னதாகவே கட்டினால்தான் மூட்டை அவர் கைக்குப் போகும். சொன்ன இடத்தில் சேர்த்துவிட்டால் கூலியோடு பிணைத்தொகையும் அவருக்குத் திரும்பும். சேர்க்காவிட்டால், திருடினாலும் சரி, வழியில் வெடித்தாலும் சரி, அந்தத் தொகை உங்களுக்கு வந்துவிடும். எனவே பிணைத்தொகையைப் பொருள்களின் சந்தை விலைக்குக் குறையாமல் போட வேண்டும். அப்படிப் போட்டால் முன்பின் தெரியாதவரிடம்கூடக் கொடுக்கலாம். உங்களுக்கு அரட்டையில் அறிமுகமானவரைப் போன்றவர், பிணைத்தொகை எதற்கு, ஒருவருக்கொருவர் நம்பிக்கைதானே முக்கியம் என்று கட்டாயம் கேட்பார். அவருக்கு எழுத வேண்டிய பதில் ஒரே வரிதான்: கூரியர் ஒப்பந்தம் போட்டிருக்கிறேன், பிணைத்தொகை கட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

இதே கூரியர் தலைகீழாக வரும்போதுதான் பலர் விழுகிறார்கள். மூட்டை கட்டி அனுப்புபவராக நீங்கள் இருக்கும்போது பிணைத்தொகை உங்களுக்குக் காவல். மூட்டையைத் தூக்குபவராக இருக்கும்போது அதுவே உங்கள் கழுத்தில் சுருக்கு. சிறிய மூட்டை, நல்ல கூலி, ஆனால் பிணைத்தொகை மட்டும் 5 கோடி என்று ஓர் ஒப்பந்தம் பொதுப் பட்டியலில் கிடக்கும். உள்ளே ஒன்றுக்கும் உதவாத சாமான் இருக்கும். வழியில், ஒரு விண்மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் கதவு ஒன்றின் அருகே அதைப் போட்டவரின் கூட்டாளிகள் உங்கள் கப்பலைச் சுட்டு வீழ்த்துவார்கள், அல்லது சேர வேண்டிய இடம் வேறொரு வீரர் கட்டிய நிலையமாக இருந்து, நீங்கள் போய் நிற்கும்போது உங்களுக்கு அனுமதி மறுக்கப்படும். இரண்டில் எது நடந்தாலும் 5 கோடி அவருடையது. முதல் சில மாதங்களுக்குப் பிறருடைய கூரியர் ஒப்பந்தம் எதையும் எடுக்காதீர்கள்.

வெளிச்சந்தையில் இஸ்க்கை மலிவாக விற்கும் தளங்கள் இன்னொரு வகை இடைத்தரகர்கள். அங்கே வாங்குவது விதிகளுக்கு முற்றிலும் புறம்பானது. பணமும் போகும், கணக்கும் முடக்கப்படலாம். ஜிட்டா அரட்டையில் ஒரு மடங்கு அனுப்புங்கள், இரு மடங்கு திருப்பித் தருகிறேன் என்று ஓடிக்கொண்டிருக்கும் வரிகளைப் படிக்கவே வேண்டாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மூத்த நண்பரை எட்டிப்பிடிக்க முடியாது என்ற கவலை இந்த விளையாட்டில் மற்ற விளையாட்டுகளைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு திறனுக்கும் ஐந்து நிலைகள்தான் உண்டு. மிக எளிய திறன் ஒன்றை நான்காம் நிலைக்குக் கொண்டுவர 45,255 புள்ளிகள் போதும். ஐந்தாம் நிலைக்கு மொத்தம் 2,56,000 புள்ளிகள் வேண்டும். பெரும்பாலான திறன்கள் நிலைக்கு நிலை ஒரே அளவு பலனைக் கூட்டுவதால், ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு பலன் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. மேலும் ஆல்ஃபா கணக்கின் வழக்கமான பயிற்சி 50 லட்சம் புள்ளிகளோடு நின்றுவிடும். மூத்தவர் அங்கே நின்றுகொண்டிருப்பார், நீங்கள் போய்ச் சேர்ந்துகொள்வீர்கள். ஒரே வீட்டில் இருக்கும் இருவரும் ஆளுக்கொரு கணினியில் ஆடுவதில் தடையில்லை. ஒரே கணினியில் ஓர் ஆல்ஃபா கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றைத் திறக்கத்தான் முடியாது. ஒருவர் ஊரில் இல்லாதபோது அவருடைய கணக்கை மற்றவர் ஓட்டுவதும் விதிமீறல்.

தொடக்கப் பயிற்சி உங்களைத் தனியாளாகவே நடத்திச் செல்வதால், மூன்று பேர் சேர்ந்தால் என்னென்ன செய்யலாம் என்பதை அங்கே யாரும் கற்றுத்தர மாட்டார்கள். சேர்ந்து ஆட வேண்டுமானால் மூவரும் ஒரே வகைக் கப்பலை ஓட்டாமல் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் அட்ரான், காண்டார் போன்ற விரைவான ஃபிரிகேட் என்னும் சிறு கப்பலில் போய் எதிரியைத் தப்பவிடாமல் பிடித்துக்கொள்ளட்டும். மூத்தவர் சேதம் விளைவிக்கும் கப்பலை ஓட்டட்டும். மூன்றாமவர் பழுதுபார்க்கும் ஃபிரிகேட்டில் இருக்கட்டும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கேடயம், கவசம் என்பவை கப்பலைக் காக்கும் இரண்டு அடுக்குகள். பழுதுபார்க்கும் ஃபிரிகேட்டுகளில் பேன்டம், பர்ஸ்ட் ஆகிய இரண்டும் கேடயத்தைச் சரிசெய்பவை. நாவிடாஸ், இன்குவிசிட்டர் ஆகியவை கவசத்தைச் சரிசெய்பவை. மற்ற இருவரும் கவசத்தை நம்பியிருக்க நீங்கள் பேன்டமில் வந்தால் உங்களால் யாருக்கும் பயனில்லை. யார் எதை நம்பியிருக்கிறார்கள் என்பதை நிலையத்தைவிட்டுக் கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

திரையில் இருக்கும் பாதுகாப்புப் பொத்தானை மூவரும் பச்சையிலேயே வைத்திருங்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டியிலிருந்து பிறர் பொருளை எடுத்தவர் சந்தேக நபராகிவிடுவார், அவரை எவர் வேண்டுமானாலும் சுடலாம். அப்படிச் சந்தேக நபரான நண்பருக்கு நீங்கள் பழுதுபார்த்தால் நீங்களும் சந்தேக நபராகிவிடுவீர்கள். பொத்தான் பச்சையில் இருந்தால் இந்த இரண்டையும் விளையாட்டே தடுத்துவிடும். பாதுகாப்பு மதிப்பு 0.5 முதல் 1.0 வரையுள்ள ஹை-செக் மண்டலங்களில் கான்கார்டு காவல்படை இருக்கிறது என்று நம்பி விலையுயர்ந்த சரக்கோடு சுற்ற வேண்டாம். கான்கார்டு உங்களைச் சுட்டவரைத் தண்டிக்குமே தவிர, அவர் சுடுவதைத் தடுக்காது. தம் கப்பல் அழிந்தாலும் பரவாயில்லை, உங்கள் சரக்கு அதைவிட விலை அதிகம் என்று கணக்குப் போட்டுக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். தானியங்கி ஓட்டத்தையும் தவிருங்கள். அது ஒவ்வொரு கதவுக்கும் சில கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிட்டு ஊர்ந்து போகச் செய்கிறது, அந்த ஊர்தலே அவர்களுக்குப் போதும்.

நல்-செக் ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை. புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பெரிய கார்ப்பரேஷன்கள் அங்கே உண்டு. நல்லவை எவையென்றால், எதையும் கொண்டுவர வேண்டாம், வெறுங்கையோடு வாருங்கள், ஃபிரிகேட்டுகளை நாங்கள் தருகிறோம் என்று சொல்பவை. 2004 முதல் புதியவர்களுக்குக் கற்றுத்தருவதையே வேலையாகக் கொண்டிருக்கும் ஈவ் யுனிவர்சிட்டி போன்ற அமைப்பில் மூவரும் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். சேரும்போது அதிகாரபூர்வ உள்நுழைவுப் பக்கம் வழியாக உங்கள் கதாபாத்திரத்தின் விவரங்களைப் படிக்க அனுமதி கேட்பார்கள். அது வழக்கமானது, அதைக் கொண்டு யாரும் உங்கள் பணத்தை நகர்த்த முடியாது. கடவுச்சொல்லையோ சேர்க்கைக் கட்டணத்தையோ கேட்பது வழக்கமானதல்ல. எந்தக் கார்ப்பரேஷனில் சேர்வதற்கு முன்பும் அதன் தகவல் பக்கத்தைத் திறந்து, உறுப்பினர்கள் ஒருவரையொருவர் சுடுவது அங்கே அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி இருந்தால், ஹை-செக்கில்கூட உங்கள் சக உறுப்பினர் உங்களைச் சுடும்போது கான்கார்டு வராது. மூவரில் ஒருவர் மட்டும் பார்த்தால் போதாது, மூவருமே பார்த்துவிட்டுச் சேருங்கள்.