'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' படத்தின் நீக்கப்பட்ட காட்சிகளை இன்று பார்க்க முடியுமா?

முடியாது. 1942-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலுள்ள பொமோனாவில் நடந்த முன்னோட்டத் திரையிடலில் பார்வையாளர்களில் பலர் படத்தை ஏளனம் செய்ததால் கலங்கிய ஹாலிவுட் தயாரிப்பு நிறுவனமான ஆர்.கே.ஓ., இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் பிரேசிலில் வேறொரு படத்தை எடுத்துக்கொண்டிருந்தபோதே, 40 நிமிடங்களுக்கும் மேலான பகுதியை வெட்டி, புதிய முடிவொன்றையும் சேர்த்து, 88 நிமிடப் படமாக வெளியிட்டது. நீக்கப்பட்டவற்றின் நெகட்டிவும் பின்னர் அழிக்கப்பட்டதால், வெட்டியதைக் காட்டிலும் அழித்ததே மன்னிக்க இயலாத செயல் என்பேன். தம் இசையும் சிதைக்கப்பட்டதால் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் படத்திலிருந்து தம் பெயரையே நீக்கச் செய்தார். அவருடைய சினம் நியாயமானதே.

எஞ்சியுள்ள எழுத்து ஆவணங்களின்படி, வெல்ஸ் எடுத்திருந்த இறுதிக் காட்சியில், வாடகை விடுதியொன்றில் தங்கியிருக்கும் நாயகனின் அத்தை ஃபேனியை, நாயகனின் தாயை நேசித்த யூஜின் சென்று பார்க்கிறார். வெளியான படமோ இருவரும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இணக்கமாகப் பேசிச் செல்வதுடன் முடிகிறது.