பனியன் கம்பெனியில் மனித உரிமை: கேள்வி பதில்

திருப்பூர், திண்டுக்கல் பக்கத்துப் பின்னலாடை ஆலைகளிலும் நூற்பாலைகளிலும் மனித உரிமைக் கடமைகளை நடைமுறைப்படுத்துவது பற்றி வந்த கேள்விகள் இவை. தொழிற்சாலைத் தணிக்கையிலும் பயிற்சியிலும் அனுபவமுள்ள ஒருவர் பதில் சொல்கிறார்.

எங்கள் யூனிட்டில் 400 பேர். பையர் (எங்கள் ஆடையை வாங்கும் நிறுவனம்) 'மனித உரிமைக் கொள்கை' கேட்டு மெயில் போட்டிருக்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது மேடம்? (மனிதவள அலுவலர், திருப்பூர்)

கொள்கை எழுதுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐ.நா. சிறப்புப் பிரதிநிதியாக இருந்த ஜான் ரகி தயாரித்த, தொழிலும் மனித உரிமையும் பற்றிய வழிகாட்டு நெறிகளை ஐ.நா. மனித உரிமைகள் மன்றம் 2011 ஜூனில் ஏற்றது. அதில் 31 நெறிகள் உண்டு. நிறுவனத்துக்கு உரிய பொறுப்பு சுருக்கமானது: உங்கள் தொழிலால் யாருக்குக் கேடு வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடி, தடு, வந்துவிட்டால் ஈடு செய். கம்பெனிக்கு என்ன நஷ்டம் என்று கணக்குப் போடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. இங்கே அது உதவாது. எந்த மனிதருக்கு என்ன ஆகும் என்று கேட்க வேண்டும்.

ஒரு வாரம் ஒதுக்குங்கள். பஞ்சு, நூல், நிட்டிங், சாயம், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரில் போங்கள். ஜாப் ஒர்க் கொடுக்கும் வீட்டுப் பட்டறைகளையும் விட்டுவிடக் கூடாது. நூல் பிசிறு வெட்டுவதும் பட்டன் கட்டுவதும் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன. குழந்தைகள் வேலை செய்வது கண்ணில் படுவதும் அங்கேதான். கேடுகளை எழுதிக்கொண்டு மூன்று அளவுகோல்களால் நிறுத்துப் பாருங்கள்: எவ்வளவு கொடியது, எத்தனை பேருக்கு, திரும்பச் சரிசெய்ய முடியுமா. குடிநீர்க் குழாய் உடைந்திருப்பது 400 பேரைப் பாதிக்கும், ஆனால் ஒரு நாளில் சரியாகும். சாயத் தொட்டிக்குள் விஷவாயு ஒருவரைத்தான் தாக்கும், ஆனால் போன உயிர் வராது. பட்டியலில் தொட்டிதான் முதலில் வர வேண்டும்.

தொழிலாளர்களிடம் பேசும்போது ஒன்றை மறக்காதீர்கள். சொன்னவர் பெயரை எங்கேயும் எழுதாதீர்கள். நோட்டில் 'லைன் 3, ஓவர்லாக் டெய்லர், ஒடிசா' என்று குறித்தால்கூட ஆள் யாரென்று சூப்பர்வைசருக்குத் தெரிந்துவிடும்.

எந்தச் சான்றிதழ் வாங்கினால் போதும்?

எதுவும் போதாது. கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆலை 2012 செப்டம்பர் 11 அன்று எரிந்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அதற்கு எஸ்.ஏ. 8000 என்ற தொழிலாளர் உரிமைச் சான்றிதழ் கிடைத்திருந்தது. டாக்கா அருகே ராணா பிளாசா 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்துத் தையல் ஆலைகள் சிலவற்றிலும் சமூகத் தணிக்கை (தொழிலாளர் நிலை பற்றிய சோதனை) நடந்திருந்தது. முதல் நாளே சுவரில் விரிசல் விட்டதைப் பார்த்துக் கீழே இருந்த கடைகளும் வங்கியும் மூடின. தையல் ஆட்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே வரவழைத்தார்கள். தணிக்கை என்பது ஒரு நாள் போட்டோ. 'எனக்குப் பயமாக இருக்கிறது, உள்ளே வரமாட்டேன்' என்று சொல்லும் தொழிலாளிக்குச் சம்பளம் வெட்டப்படாது என்ற நிலை உங்கள் ஆலையில் இருக்கிறதா? அதைப் பாருங்கள்.

காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை வேலை, ஒன்றரை ஷிப்ட் சம்பளம். எல்லா கம்பெனியிலும் இப்படித்தானுங்களே? (டெய்லர், அவிநாசி)

நடப்பு அப்படித்தான் தம்பி, சட்டம் அப்படி இல்லை. வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் உழைத்தால் இரட்டைக் கூலி. 1948 தொழிற்சாலைகள் சட்டமும் இதைத்தான் சொன்னது, புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் இதைத்தான் சொல்கின்றன. ஒரு ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மணி நேரத்துக்கு 500, ஒரு மணிக்கு 62.50. ஓ.டி. (கூடுதல் நேர வேலை) ஒரு மணிக்கு 125. நான்கு மணி நேர ஓ.டி.க்கு 500. ஆக 12 மணி நேரம் உழைத்தவருக்கு வர வேண்டியது 1,000 ரூபாய். ஒன்றரை ஷிப்ட் கணக்கில் கிடைப்பது 750. இடைவேளை நேரத்தை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

ஓ.டி. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் இதோடு சேர்ந்ததுதான். ஏழு மணிக்கே கேட்டைப் பூட்டி, கம்பெனி வேன் எட்டரைக்குத்தான் கிளம்பும் என்றால் அதற்குப் பெயர் விருப்ப ஓ.டி. அல்ல.

சப்ளையர் காட்டும் வருகைப் பதிவு சுத்தமாக இருக்கிறது. ஞாயிறு வேலையே இல்லை என்கிறார்கள். நம்பலாமா? (மெர்ச்சன்டைசர், கோவை)

வருகைப் பதிவை மூடி வைத்துவிட்டு ஊசி உடைந்த பதிவேட்டைக் கேளுங்கள். ஆடைக்குள் ஊசித் துண்டு போய்விடக் கூடாது என்பதால் ஏற்றுமதி ஆலைகளில் பெரும்பாலும் அது இருக்கும். உடைந்த துண்டுகளைப் பொறுக்கிச் செல்லோ டேப்பால் பக்கத்தில் ஒட்டி, தேதி, நேரம், மெஷின் எண் எழுதியிருப்பார்கள். ஒரு துண்டு கிடைக்காவிட்டால் தேடிய விவரமும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தேதியில் ஊசி உடைந்திருந்தால் ஞாயிறு வேலை நடந்திருக்கிறது. பக்கத்தில் இரவு 11.20 என்று நேரம் இருந்தால் எத்தனை மணி வரை நடந்தது என்பதும் தெரிந்துவிடும்.

அதற்கடுத்து பாய்லர் குறிப்பேடு, முதலுதவிப் பெட்டிப் பதிவு, வேன் டிரிப் ஷீட், செக்கிங் ரிப்போர்ட். தணிக்கைக்குக் காட்டப் பொய்யாக இரண்டாம் கணக்கு எழுதுபவர் இத்தனையையும் திருத்துவதில்லை. கண்டுபிடித்தபின் ஆர்டரை உடனே வெட்டாதீர்கள். வெட்டினால் அடுத்த ஆலை இன்னும் நன்றாக மறைக்கக் கற்றுக்கொள்ளும், இந்த ஆலையின் ஆட்களுக்கு வேலை போகும். உண்மைக் கணக்கைக் காட்டினால் ஆர்டர் தொடரும் என்று எழுத்தில் கொடுங்கள். கொடுக்காமல் விட்ட ஓ.டி.யைத் தவணை போட்டாவது தொழிலாளருக்குத் திருப்பித் தர வையுங்கள்.

புகார்ப் பெட்டி வைத்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு சீட்டுகூட விழவில்லை. பிரச்சினை இல்லை என்றுதானே பொருள்?

பெட்டி எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது? கேமராவுக்குக் கீழே, அலுவலக வாசலில், மேலாளர் சாவியோடு இருந்தால் யாரும் போடமாட்டார்கள். கழிவறைப் பக்கம் வையுங்கள். தொழிலாளர் தேர்ந்தெடுத்த இரண்டு பேர் முன்னால் குறித்த நாளில் திறங்கள். வந்தது என்ன, செய்தது என்ன என்று அறிவிப்புப் பலகையில் போடுங்கள். பெயர் வேண்டாம். தமிழோடு இந்தி, ஒடியா, வங்காளத்திலும் எழுதுங்கள்.

பி.எஸ்.சி.ஐ. நல்லதா, செடெக்ஸ் நல்லதா?

இரண்டும் ஆலைகளின் தொழிலாளர் நிலையைப் பார்க்கும் தணிக்கை ஏற்பாடுகள். எதுவும் போதாது என்று மேலே சொல்லிவிட்டேன். பையர் எதைக் கேட்கிறாரோ அதைச் செய்யுங்கள். அதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

சூப்பர்வைசர்கள் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார்கள். பயிற்சி வகுப்பு மூன்று முறை நடத்தியும் மாறவில்லை. (தயாரிப்பு மேலாளர்)

வகுப்பால் மாறாது, ஏனென்றால் திட்டு உங்கள் டார்கெட்டில் இருக்கிறது. ஒரு டி-ஷர்ட்டின் தையலுக்கு 8 நிமிடம், லைனில் 20 பேர் என்றால் 60 × 20 ÷ 8, மணிக்கு 150 பீஸ். இது நூறு சதவீதத் திறனில். உங்கள் லைன் உண்மையில் 60 சதவீதத்தில் ஓடினால் 90 பீஸ்தான் வரும். பலகையில் 150 என்று எழுதி வைத்தால் ஒவ்வொரு மணிக்கும் 60 பீஸ் பாக்கி. அந்தப் பாக்கியைச் சூப்பர்வைசர் தொண்டையால் அடைக்கப் பார்க்கிறார். கழிவறைக்கு டோக்கன் போடுவதும், தண்ணீர் குடிக்காமல் இருந்து பெண்களுக்கு நீர்க்கடுப்பு வருவதும் இதே 60 பீஸால்தான். டார்கெட்டை 95 என்று எழுதுங்கள், லைன் பேலன்ஸை (யாருக்கு எந்த வேலை என்ற பங்கீட்டை) சரிசெய்து மெல்ல ஏற்றுங்கள். திட்டியவர் மீது நடவடிக்கையும் வேண்டும், ஆனால் கணக்கை மாற்றாமல் ஆளை மட்டும் மாற்றினால் அடுத்து வருபவரும் திட்டுவார்.

குறுக்கே ஒரு வார்த்தை மேடம். பையர் கொடுக்கும் விலையில் இதெல்லாம் நடக்காது. அவனிடம் போய்ச் சொல்லுங்கள். (ஏற்றுமதியாளர்)

விலை ஏறிய வருஷங்களிலும் எங்கள் கூலி ஏறவில்லையே? பீஸ் ரேட் பேச்சுவார்த்தை என்றாலே முதலாளிகள் சங்கம் இழுத்தடிக்கிறது. (தொழிற்சங்க உறுப்பினர்)

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

ஏற்றுமதியாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஷிப்மென்ட் தேதி நகராது, சாய நிறத்துக்கு ஒப்புதல் மட்டும் பன்னிரண்டு நாள் தாமதமாக வரும். தையலுக்கு வைத்திருந்த 20 நாள் 8 நாள் ஆகிவிடும். அந்த 12 நாளும் இரவு ஓ.டி.யாகத் தொழிலாளியின் உடம்பில்தான் இறங்கும். வழிகாட்டு நெறிகளின்படி அந்தக் கேட்டில் பையருக்கும் பங்கு உண்டு. அதனால் ஆர்டர் ஏற்கும்போதே எழுதுங்கள்: ஒப்புதல் இந்தத் தேதிக்குள் வராவிட்டால் அனுப்பும் தேதியும் அத்தனை நாள் நகரும். வாயால் சொன்னது நிற்காது.

ஆனால் கூலியைப் பேரத்துக்கு வைப்பது நீங்கள்தான். காஸ்டிங் ஷீட்டில் (விலைக் கணக்குத் தாளில்) துணி, அக்சஸரீஸ் எல்லாம் தனித்தனி வரியில் இருக்கும், கூலி மட்டும் 'சி.எம்.' (வெட்டித் தைக்கும் செலவு) என்று ஒரே தொகையில் மறைந்திருக்கும். பையர் விலை குறைக்கச் சொன்னால் கை முதலில் அங்கேதான் போகிறது. பிரித்துப் போடுங்கள். சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், போனஸ் 8.33 சதவீதம், விடுப்பு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 720 ரூபாய் செலவு என்று கொள்வோம். 480 நிமிடத்துக்கு வகுத்தால் நிமிடத்துக்கு ஒன்றரை ரூபாய். 8 நிமிட பீஸ், 60 சதவீதத் திறன் என்றால் 13.3 நிமிடம், 20 ரூபாய். திறன் 50-க்கு இறங்கினால் 24 ரூபாய். அந்த நான்கு ரூபாயைத் திறனில் தேடுங்கள், கொடுக்காத ஓ.டி.யில் தேடாதீர்கள். இந்த வரியைப் பூட்டிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

சங்கத் தோழருக்கு: ஏட்டில் இருக்கும் உரிமையைத் தொழிலாளர் கையில் சேர்க்க வழி உண்டு. திண்டுக்கல்லில் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த 20 வயதுப் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், வெளிநாட்டுப் பையர்களான எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகியவை 2022-இல், ஆலையில் பாலியல் வன்முறையைத் தடுக்கும் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் சேர்ந்தன. அதன்படி ஒவ்வொரு லைனிலும் பயிற்சி பெற்ற தொழிலாளரே கண்காணிப்பாளர் ஆனார். ஆலை சொல் தவறினால் பையர்கள் ஆர்டரில் கை வைக்கக் கடமைப்பட்டிருந்தார்கள். அமெரிக்கச் சுங்கத்துறை கட்டாய உழைப்பைக் காரணம் காட்டி 2022 ஜூலையில் அந்த ஆலைச் சரக்குக்குப் போட்ட தடையை செப்டம்பரில் விலக்கியது. சங்கத்தை உள்ளே விடுவது வியாபாரத்தைக் கெடுக்கும் என்று பயப்படுகிறவர்கள் இந்தத் தேதிகளைப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் விலை உயர்வு கேட்கக் கூடாதா? (அதே ஏற்றுமதியாளர்)

கேளுங்கள், கூலி வரியைக் காட்டிக் கேளுங்கள். இதோடு இதை நிறுத்திக்கொள்வோம், மில் கேள்விகள் காத்திருக்கின்றன.

மில் ஹாஸ்டலில் செல்போன் வாங்கி வைத்துக்கொள்கிறோம். பெண்களின் பாதுகாப்புக்காகத்தான். (ஹாஸ்டல் வார்டன்)

வெளியாள் உள்ளே வராமல் இருக்கப் பூட்டு போதும், போனைப் பிடுங்க வேண்டியதில்லை. வேலை நேரம் போக வெளியே போகவும், வீட்டாரோடு பேசவும் தடை இருந்தால் அது கட்டாய உழைப்பின் அடையாளம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு சொல்லும் 11 அடையாளங்களில் நடமாட்டத் தடை, தனிமைப்படுத்தல், சம்பளத்தை நிறுத்தி வைத்தல், அடையாள ஆவணத்தைப் பிடித்து வைத்தல் எல்லாம் உண்டு. மூன்று வருடம் முடிந்தால் கல்யாணச் செலவுக்குப் பணத்தை மொத்தமாகத் தருகிறோம் என்ற சுமங்கலித் திட்டத்தில் இவை நான்கும் ஒன்றாக வந்து சேரும். இரண்டரை வருடத்தில் காய்ச்சலோடு ஊருக்குப் போன பெண்ணுக்கு அந்தத் தொகை கிடையாது. சம்பளம் மாதாமாதம், அவர் பெயரில் உள்ள கணக்கில், ஏ.டி.எம். அட்டை அவர் கையில். ஆதார் அசலை அன்றே திருப்பிக் கொடுங்கள். 2014 மாநிலச் சட்டப்படி ஹாஸ்டலுக்கு உரிமமும் தேவை.

ஒடிசா ஆட்களிடம் ஏஜென்ட் கமிஷன் வாங்குகிறான். நாங்கள் வாங்கவில்லையே?

உங்களுக்காகத்தானே வாங்குகிறான். ஆள் சேர்க்கும் செலவு முதலாளியுடையது. சேர்ந்த முதல் வாரத்தில், ஏஜென்ட் இல்லாத இடத்தில், அவர்கள் மொழியில் கேளுங்கள்: யாருக்கு எவ்வளவு கொடுத்தாய், கடன் வாங்கினாயா? கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏஜென்ட் பில்லில் கழியுங்கள். சொன்னவர் பெயர் ஏஜென்டுக்குப் போகக் கூடாது. அவருடைய குடும்பம் அதே ஊரில்தான் இருக்கிறது.

சாயப்பட்டறைத் தொட்டி சுத்தம் கான்ட்ராக்டர் பொறுப்பு. விபத்து நடந்தால் எங்களுக்கு என்ன?

ஆலை உங்களுடையது, தொட்டி உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையதே. முதலில் ஆள் இறங்காமல் பம்ப் வைத்துச் சேற்றை எடுக்க முடியுமா பாருங்கள். இறங்கியே ஆக வேண்டுமென்றால் உள்வரும் குழாயை அடைத்து, மோட்டார் சுவிட்சைப் பூட்டி, சாவியை இறங்குபவரிடம் கொடுங்கள். மூடிகளைத் திறந்து புளோவர் ஓட விடுங்கள். வாயு மீட்டரைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவில், அடியில் அளக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5-க்கும் 23.5 சதவீதத்துக்கும் நடுவில், ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 10 பங்குக்கு) கீழே. மூக்கை நம்பாதீர்கள், அந்த வாயு 100 பி.பி.எம். தாண்டினால் மூக்கு மரத்து அழுகிய முட்டை நாற்றம் தெரியாமல் போகும். சேற்றைக் கிளறினால் அடங்கியிருந்த வாயு மறுபடி கிளம்பும், ஆகவே மீட்டர் வேலை முடியும்வரை உள்ளேயே இருக்கட்டும். உடம்பில் பெல்ட், தொட்டி வாய்க்கு மேல் நிற்கும் மூன்று கால் தாங்கியில் கயிறு, மேலே நகராமல் ஓர் ஆள். உள்ளே விழுந்தவரைக் கயிற்றால்தான் தூக்க வேண்டும். ஒருவர் விழுந்தால் இரண்டாமவர் குதிக்கிறார், மூன்றாமவரும் குதிக்கிறார். மூன்று சடலங்கள் வெளியே வருவது இப்படித்தான்.

தையல் கூலி இப்போது எவ்வளவு?

அகவிலைப்படியோடு மாறும். மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் இந்த ஆண்டின் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கையைக் கேளுங்கள்.

சான்றிதழ் ஆலோசகர் யாராவது சொல்லுங்களேன்?

இல்லை.

அக்கா, என் லைன் இன்சார்ஜ் தப்பாக நடக்கிறார். வீட்டில் சொன்னால் வேலையை விடச் சொல்வார்கள். எனக்கு எழுதவும் சரியாக வராது. (பெயர் வேண்டாம்)

பெயர் சொல்லாதது நல்லது தங்கச்சி, இங்கே சொல்லவும் வேண்டாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும். தலைவர் பெண், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டம் அது. நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் தருவார்கள். எழுத வராவிட்டால் எழுதித் தருவது குழுவின் கடமை. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். விசாரணை நடக்கும்போது உன்னையோ அவரையோ வேறு இடத்துக்கு மாற்றும்படி கேட்கலாம். மூன்று மாதம் வரை விடுப்பும் கேட்கலாம். பணம் வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போ என்று யாரும் சொல்லக் கூடாது.

தேதி, நேரம், யார் பார்த்தார்கள் என்பதை இன்றே போனில் பேசிப் பதிவு செய்து வை. செய்தி அனுப்பியிருந்தால் அழிக்காதே. முதலாளியே தப்பு செய்தால், அல்லது பத்துப் பேர்கூட இல்லாத யூனிட் என்றால், கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட உள்ளூர்க் குழு இருக்கிறது. இன்றைக்கே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 181-க்குக் கூப்பிடு. கம்பெனிப் போனில் கூப்பிடாதே.