சாம்பிராணிப் புகை யாரை நோக்கிப் போகிறது?

ஐயாவுக்கு வணக்கம். நான் மட்டக்களப்பு மாவட்டத்துப் பெரியகல்லாற்றைச் சேர்ந்தவள். கண்ணகை அம்மன் சடங்கிலும், பூசைக்குப் போகும் மாதா கோயிலிலும், கல்முனைக்குடியில் என் தோழி வீட்டு மௌலிது ஓதலிலும் ஒரே சாம்பிராணி வாசம்தான். கிறிஸ்தவர்கள் இதை இந்துக்களிடமிருந்து எடுத்தார்கள் என்கிறார் உறவினர் ஒருவர். எல்லாம் ஒன்றுதான் என்கிறாள் தோழி. எது சரி? வீட்டில் கட்டிச் சாம்பிராணி வைத்தால் போதுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டு கூற்றையுமே என்னால் ஏற்க முடியவில்லை. உறவினர் சொல்வதற்கு வரலாறு இடம் தராது. விவிலியத்தின் விடுதலைப் பயண நூலின் 30ஆம் அதிகாரம், நான்கு வாசனைப் பொருட்களைச் சம நிறையில் எடுத்துத் தூபம் செய்யச் சொல்லி, அதே கலவையைச் சொந்த முகர்ச்சிக்காகச் செய்பவன் இனத்தினின்று விலக்கப்படுவான் என்றும் எச்சரிக்கிறது. ஆனால் ஆதிக் கிறிஸ்தவர்களுக்குத் தூபம் வேதனையான சோதனையாகவும் இருந்தது. கி.பி. 250இல் உரோமப் பேரரசன் தேசியுஸ் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டபோது, ஒரு சிட்டிகை தூபத்தைத் தணலில் இட்டவர்கள் விசுவாசத்தைக் கைவிட்டவர்களாகக் கருதப்பட்டார்கள். அந்த நினைவு மங்கிய பிறகே, 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குச் சென்ற எகேரியா என்ற யாத்திரிகை, அங்கே ஆலயத்துக்குள் தூபக்கலசங்கள் கொண்டுவரப்பட்டதை எழுதி வைத்திருக்கிறார்.

தோழியின் கூற்று மனத்துக்கு இதமானது; எனினும் அதை ஏற்றுக்கொண்டால் நம் கண்முன்னே நடப்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். பொருள் ஒன்றாக இருக்கலாம். அந்தப் புகை யாரை நோக்கிப் போகிறது என்று பாருங்கள். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் சந்நிதியில் அது மூலவரை நோக்கிப் போகிறது. பதினாறு உபசாரங்களில் ஒன்றாக, வீட்டுக்கு வந்த பெரியவரை உபசரிப்பது போல, தீபத்துக்கு முன்னே தூபம் காட்டுகிறார்கள். "சலம்பூவொடு தூபம் மறந்தறியேன்" என்று அப்பர் பாடியதும் இந்த உபசாரத்தைத்தான்.

வைகாசியில் நடக்கும் கண்ணகை அம்மன் சடங்கிலோ புகை மனிதரை நோக்கித் திரும்புகிறது. சிரட்டைத் தணல் கனலும் சட்டியில் கட்டாடியார் என்ற பூசகர் ஒரு பிடி சாம்பிராணியைத் தூவ, உடுக்கொலி விரைய, தெய்வமாடுபவர் குனிந்து அந்தப் புகையை முகத்தில் வாங்குகிறார். தோள் நடுங்கத் தொடங்கும்போது சுற்றி நிற்பவர்கள் குரவையிடுகிறார்கள். இங்கே தூபம் உபசாரமல்ல, அம்மன் இறங்கி வரும் வழி. ஆகவே ஒரே சமயத்துக்குள்ளேயே இரண்டு வேறு செயல்கள் இருக்கின்றன. இந்த வேறுபாட்டை நம் கோயில்களைப் பற்றி எழுதுவோர் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

மாதா கோயிலில் குரு தூபக்கலசத்தைப் பீடத்துக்கும் நற்செய்தி நூலுக்கும் மட்டுமல்ல, கூடியிருக்கும் மக்களுக்கும், இறுதிச் சடங்கில் சவப்பெட்டிக்கும் ஆட்டுகிறார். தூய ஆவி குடியிருந்த உடலுக்கு அது செய்யப்படும் மரியாதை.

தோழி வீட்டுப் புகையோ எவருக்கும் படைக்கப்படுவதில்லை. இஸ்லாத்தில் நறுமணம் வணக்கமாகாது. அது வணக்கத்துக்கும் ஓதலுக்கும் கூடும் மனிதருக்கும் இடத்துக்கும் உரிய தூய்மை. நபியவர்களின் தோழர் இப்னு உமர் அகிலையும், அகிலோடு கற்பூரத்தையும் புகைத்தார் என்றும், நபியவர்கள் அவ்வாறு செய்தார்கள் என்று கூறினார் என்றும் ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பு பதிவு செய்கிறது.

இந்த மூன்று சமூகங்களுக்கும் பொதுவாக இருந்தது வணிகம். ஓமானின் தோபார் மலைகளில் பட்டையைச் சீவி, பால்போல் வடிந்து இறுகும் குந்திரிக்கப் பிசினைச் சேர்க்கிறார்கள். நாம் சாம்பிராணி என்று வாங்கியது பெரும்பாலும் சுமத்திராவின் வேறொரு மரத்தின் பிசின். இரண்டு திசைக் கப்பல்களுக்கும் இலங்கை நடுவழியில் இருந்தது.

கட்டிச் சாம்பிராணி பெரும்பாலும் கரித்தூளும் மரத்தூளும் வாசனையும் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை மாலையில் வீட்டுக்கு அது போதும். சடங்குக்கு மட்டும் பிசினையே வாங்குங்கள். தணலில் விழுந்ததும் உருகிப் பொங்கும் அந்தக் கனத்த புகை கட்டியில் எழாது.